அரைப் பென்னியின் எடை

1

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ப்ராஜெக்ட்டுக்காக மூன்று மாதம் தென் இங்கிலாந்தில், ஹாம்ப்ஷயர் பக்கம் இருந்தேன். சனி ஞாயிறு ஆனால் உடன் வந்தவர்கள் லண்டனுக்கு ரயில் ஏறிவிடுவார்கள். ஒரு சனிக்கிழமை நான் மட்டும் ஆல்ட்டன் என்கிற சின்ன டவுனுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து செல்போர்னில் இறங்கினேன்.

"அங்க என்னடா இருக்கு?" என்று முந்தின நாள் ராத்திரி அறைத்தோழன் கேட்டான்.

"ஒரு ஆமை இருந்தது."

"இப்ப இருக்கா?"

"செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆகுது."

அவன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

அந்த ஆமையின் பெயர் திமோத்தி. கில்பர்ட் வைட் என்கிற உதவிப் பாதிரியாரின் தோட்டத்தில் வாழ்ந்தது. அதற்கு முன்பு சஸ்ஸெக்ஸில் அவருடைய அத்தையிடம் இருந்தது. அத்தை 1780இல் இறந்ததும் பெட்டியில் வைத்து வண்டியில் கொண்டுவந்தார். அது ஆண் என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். செத்த பிறகுதான் பெண் என்று தெரிந்தது. இத்தனைக்கும் வைட் அளவுக்கு உற்றுப் பார்த்த ஒருவரை அந்த நூற்றாண்டில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த உற்றுப் பார்த்தலைப் பற்றியது. அது எங்கே வேலை செய்கிறது, எங்கே நின்றுபோகிறது என்பதைப் பற்றியது.

செல்போர்ன் ஏறக்குறைய ஒரே தெருவால் ஆன ஊர். அரை நாளில் சுற்றிவிடலாம். ஊருக்கு மேலே முந்நூறு அடி உயரத்துக்குச் சுண்ணாம்புக் குன்று. அதன் செங்குத்தான சரிவு முழுக்க பீச் மரங்கள். சரிவில் தொங்குகிற காடு என்பதால் அதை 'ஹேங்கர்' என்கிறார்கள். அந்தச் சரிவில் ஏறுவதற்கு வைட்டும் அவருடைய தம்பி ஜானும் 1753இல் வெட்டிய வளைந்து வளைந்து போகும் பாதை இன்றும் இருக்கிறது. நான் ஏறினேன். மூச்சு வாங்கியது. தெருவில் வைட் வாழ்ந்த 'தி வேக்ஸ்' என்கிற வீடு இப்போது அருங்காட்சியகம். எதிரே புனித மேரி தேவாலயம். அதற்கு முன்னால் 'பிளெஸ்டர்' என்கிற சிறு மைதானம். விளையாட்டுத் திடல் என்ற பொருள் தரும் பழைய சொல்லின் மருவல் அது. 1271இல் ஒரு நிலப்பிரபு அதைப் பக்கத்து மடாலயத்துக்கு எழுதிக்கொடுத்தார். அங்கே சந்தை கூடியிருக்கிறது.

தேவாலய முற்றத்தில் ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை நிற்கிறது. யூ மரம். வைட் அளந்தபோதே அதன் சுற்றளவு இருபத்துமூன்று அடிக்கு மேல். 1990 ஜனவரியில் அடித்த புயலில் வேரோடு சாய்ந்தது. வேர்களுக்கு அடியில் மனித எலும்புகள் கிடைத்தன. தொல்லியலாளர்கள் வந்து பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் மரத்தை நிமிர்த்தி மறுபடியும் நட்டார்கள். பிழைக்கவில்லை.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், இதே கதை வைட்டின் புத்தகத்தில் இரண்டாவது கடிதத்திலேயே வருகிறது, வேறொரு மரத்துக்கு. பிளெஸ்டரின் நடுவே ஒரு மாபெரும் ஓக் மரம் இருந்தது. சுற்றிலும் கல்படிகள், மேலே உட்கார இருக்கைகள். கோடை மாலைகளில் கிழவர்கள் பேசிக்கொண்டிருக்க, இளசுகள் ஆடுவார்கள். 1703ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அது விழுந்தது. அப்போதைய பாதிரியார் சில பவுண்டுகள் செலவழித்து அதை நிமிர்த்தி நட்டார். கொஞ்ச நாள் துளிர்த்தது, பிறகு பட்டுப்போனது. வைட் பிறப்பதற்குப் பதினேழு வருடம் முன்பு நடந்தது. அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

இருநூற்று எண்பத்தேழு வருட இடைவெளியில், ஏறக்குறைய கூப்பிடு தூரத்தில், இரண்டு முறை ஒரு ஊர் விழுந்த மரத்தை நிமிர்த்திப் பார்த்திருக்கிறது. முதல் தடவை என்ன ஆனது என்று அச்சிட்ட புத்தகத்திலேயே இருந்தும் இரண்டாவது தடவையும் முயன்றிருக்கிறார்கள். எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

2

புத்தகத்தின் பெயர் 'தி நேச்சுரல் ஹிஸ்டரி அண்ட் ஆன்டிக்விட்டீஸ் ஆஃப் செல்போர்ன்'. தலைப்புப் பக்கத்தில் 1789 என்று இருக்கிறது. வெளியிட்டவர் லண்டனில் பதிப்பாளராக இருந்த அவருடைய தம்பி பெஞ்சமின். பெரிதும் கடிதங்களால் ஆனது. தாமஸ் பென்னண்ட் என்கிற விலங்கியலாளருக்கும், டெய்ன்ஸ் பேரிங்டன் என்கிற வழக்கறிஞருக்கும் எழுதியவை. ஆனால் ஊரை அறிமுகப்படுத்தும் முதல் ஒன்பது கடிதங்கள் தபாலில் போகவே இல்லை. புத்தகத்துக்காக எழுதிச் சேர்க்கப்பட்டவை. அதாவது நாம் ஒரு அந்தரங்கக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறோம் என்கிற உணர்வே கவனமாகக் கட்டமைக்கப்பட்ட ஒன்று. இதைத் தெரிந்துகொண்டு படித்தால் புத்தகம் குறைவதில்லை. எங்கே வைட் நேரில் கண்டதைச் சொல்கிறார், எங்கே ஊரை 'வடிவமைக்கிறார்' என்று பிரித்துப் பார்க்க உதவும். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும்.

முதல் முறை வாசித்தபோது, உண்மையைச் சொன்னால், போரடித்தது. கதை இல்லை, வாதம் இல்லை. இன்றைக்கு இந்தப் பறவை வந்தது, அன்றைக்கு அந்தப் பூ பூத்தது. பிறகு அவருடைய நாட்குறிப்புகளைப் பற்றி அறிந்ததும்தான் பிடி கிடைத்தது. பேரிங்டன் ஒரு படிவத்தை வடிவமைத்திருந்தார். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். கட்டம் கட்டமாக வெப்பநிலை, காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, தளிர்த்த மரங்கள், வந்த பறவைகள், மறைந்த பறவைகள், கடைசியில் 'இதர குறிப்புகள்'. பெஞ்சமின் அதை அச்சிட்டு விற்றார். வைட் 1768இல் தொடங்கி 1793 ஜூனில் சாகும்வரை இதை நிரப்பிக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருடம்.

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் லாக். சர்வர் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்தது என்று எழுதிக்கொண்டே போகும். லாக் படிப்பது சலிப்பான வேலை. ஆனால் ஏதோ ஒன்று உடையும்போது அந்த லாக்தான் பேசும். வைட்டின் மேதைமை லாக் எழுதுகிறவனின் மேதைமை. அவருக்கு முன்பு ஒரே பறவையாகக் கருதப்பட்டு வந்த கதிர்க்குருவிகள் மூன்று தனித்தனி இனங்கள் என்று 1768இல் உறுதியாகச் சொன்னார். முதலில் துப்புக் கொடுத்தது பாட்டு. மூன்றும் மூன்று விதமாகப் பாடின. செத்த பறவையைப் பஞ்சடைத்து மேஜையில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அந்தப் பாட்டு கேட்டிருக்காது. மண்புழு நிலத்துக்கு என்ன செய்கிறது என்று 1777இல் எழுதினார். சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றித் தனிப் புத்தகம் வெளியிட்டது 1881இல். சிறுவயதில் வைட்டைப் படித்துத்தான் பறவைகளைக் கவனிக்கத் தொடங்கியதாக டார்வின் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது அறுவடைச் சுண்டெலியைப் பற்றிய பகுதி. கோதுமைத் தாள்களுக்கு இடையே கிரிக்கெட் பந்து அளவுக்கு உருண்டையாகக் கூடு பின்னும் மிகச் சிறிய எலி. அது எவ்வளவு சிறியது என்று சொல்ல வேண்டும். வைட் உவமை தேடவில்லை. இரண்டு எலிகளைத் தராசுத் தட்டில் வைத்தார். மறுதட்டில் ஒரு அரைப் பென்னிச் செப்புக்காசு. சரியாக நின்றது. அவ்வளவுதான். இரண்டு உயிர்கள், ஒரு அரைப் பென்னி.

3

புத்தகத்தின் தலைப்பில் 'ஆன்டிக்விட்டீஸ்' என்று இருக்கிறது இல்லையா? ஊரின் தொன்மைகளைப் பற்றிய அந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலான பதிப்புகள் வெட்டிவிடுகின்றன. வாசகர்களும் தேடுவதில்லை. நான் ஒருமுறையாவது படியுங்கள் என்பேன்.

அது செல்போர்ன் மடாலயத்தின் கதை. வின்செஸ்டர் ஆயர் பீட்டர் தே ரோஷ் 1230களின் தொடக்கத்தில் அகஸ்டின் சபைத் துறவிகளுக்காக நிறுவியது. நூற்றைம்பது வருடம் கழித்து, 1387இல், அப்போதைய ஆயர் வில்லியம் ஆஃப் வைகம் ஆய்வுக்கு வருகிறார். வந்து பார்த்தால் துறவிகள் வேட்டை நாய் வளர்க்கிறார்கள், விலையுயர்ந்த உடைகள் அணிகிறார்கள், ஒழுங்கு கெட்டுக் கிடக்கிறது. ஆயர் விதிவிதியாக எழுதிக் கண்டிக்கிறார். இன்றைய ஆடிட் ரிப்போர்ட் தோற்றது. அதன் பிறகு மடாலயம் மெல்ல மெல்லத் தேய்ந்து, 1480களில் மூடப்பட்டு, சொத்துகள் எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தப் பழங்கதைக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் இருக்கிறது. மடாலயத்தோடு, செல்போர்ன் தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் மாக்டலன் கல்லூரிக்குப் போனது. வைட் ஓரியல் கல்லூரிக்காரர். அவருடைய தாத்தா செல்போர்னின் பாதிரியார், வைட் பிறந்ததே பாதிரியார் இல்லத்தில். ஆனாலும் அவரால் கடைசிவரை சொந்த ஊரின் பாதிரியார் ஆக முடியவில்லை. உதவிப் பாதிரியாராகவே இருந்தார். முந்நூறு வருடத்துக்கு முன்பு நடந்த ஒரு சொத்து மாற்றம் ஒரு மனிதனின் வாழ்க்கையை நிர்ணயித்திருக்கிறது. வேறு ஊரில் நல்ல பதவிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. இந்தப் பின்னணியில் படித்தால் வறண்ட ஆவணங்களாகத் தெரியும் இரண்டாம் பாதி வேறாகத் தெரியும். தனக்குக் கிடைக்காமல்போன வீட்டின் பத்திரத்தை ஒருவன் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறான்.

போகாமல் இருப்பது அவருக்கு ஒரு மனநிலையாகவே ஆகிவிட்டதோ என்று தோன்றும் இடம் ஒன்று இருக்கிறது. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன? அந்தக் காலத்தின் பெரிய விவாதம் அது. தென்னாடுகளுக்குப் பறந்துபோகின்றன என்று ஒரு கட்சி, உள்ளூரிலேயே பொந்துகளில் ஒடுங்கித் தூங்குகின்றன என்று இன்னொரு கட்சி. வைட்டின் தம்பி ஜான் ஜிப்ரால்டரில் ராணுவப் பாதிரியாராக இருந்தார். தகைவிலான்கள் கடலிடுக்கைக் கடந்து போவதை அங்கிருந்து பார்த்து எழுதினார். சொந்தத் தம்பியின் கண்கண்ட சாட்சி. இருந்தும் வைட் ஆட்களை வைத்துக் குன்றின் சரிவில் புதர்களையும் பொந்துகளையும் தேடச் சொன்னார். எதுவும் கிடைக்கவில்லை. அப்போதும் சந்தேகத்தை முழுதாக விடவில்லை. அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு: நவம்பரில்கூட ஒன்றிரண்டு பறவைகளை அவர் கண்ணால் பார்த்திருந்தார், லாக்கில் இருந்தது. ஆனாலும் தன் ஊர்ப் பறவைகள் தன் ஊரிலேயே எங்கோ தூங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்றே நான் வாசிக்கிறேன்.

4

இனி அந்தப் புத்தகத்தோடு எனக்கு இருக்கும் சண்டைக்கு வருகிறேன்.

ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட 'தி கன்ட்ரி அண்ட் தி சிட்டி' நூலில் ஒரு அழகான அத்தியாயம் இருக்கிறது. ஃபார்னம் என்கிற ஊரைச் சுற்றிச் சில மைல் தொலைவுக்குள் மூன்று பேர். வில்லியம் கோபெட் ஃபார்னமில் பிறந்தவர். ஜேன் ஆஸ்டன் கடைசி வருடங்களில் வாழ்ந்த சாட்டன், செல்போர்னிலிருந்து நான்கைந்து மைல்தான். மூன்றாவது ஆள் வைட். ஏறக்குறைய ஒரே நிலம், மூன்று பார்வைகள். கோபெட்டுக்கு வயலைப் பார்த்தால் அதில் வேலை செய்கிறவனின் கூலி தெரியும். ஆஸ்டனுக்கு வீடுகளும் அவற்றின் வருமானமும் தெரியும். வைட்டுக்கு இயற்கை தெரியும், மனிதர்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட இயற்கை.

இதைப் படித்ததும் "ஆமால்ல!" என்று தோன்றியது. வைட்டின் ஊரில் 676 பேர் இருந்தார்கள். எண்ணிச் சொன்னது அவர்தான்: தெருவில் 313, மற்ற பகுதிகளில் 363. ஆனால் புத்தகத்தை மூடிய பிறகு நினைவில் நிற்கிற உள்ளூர் உயிர் யார்? ஆமை. 1783 கோடையில் ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை கக்கிய புகை ஐரோப்பாவையே மூடியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே வைட் அதை அற்புதமாக விவரிக்கிறார்: நண்பகல் சூரியன் மேகம் மூடிய நிலவு போல வெளிறியது, தரையில் துருப்பிடித்த நிறத்தில் வெளிச்சம், வெட்டிய இறைச்சி மறுநாளே கெட்டது. அதில் ஊர் மக்கள் வருகிறார்கள், மூடநம்பிக்கையோடு சூரியனைப் பார்த்துப் பயப்படும் கூட்டமாக. பன்மையில் மட்டும்.

ஆனால் மறுபடி படித்தபோது வில்லியம்ஸின் கோட்டுக்குள் அடங்காத ஒரு கடிதம் என்னை நிறுத்தியது. 1775 நவம்பர் 1ஆம் தேதியிட்டு பேரிங்டனுக்கு எழுதியது. ஏழைகளின் விளக்கைப் பற்றியது. கோரை மாதிரி ஒரு தண்டு. கோடையில் வெட்டி, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரே ஒரு நரம்பை விட்டுவிட்டுத் தோலை உரிக்க வேண்டும். சில இரவுகள் புல்தரையில் பனியில் போட்டு, வெயிலில் உலர்த்தி, காய்ச்சிய கொழுப்பில் முக்கி எடுத்தால் விளக்கு தயார். பெண்கள், குழந்தைகள், தள்ளாத கிழவர்கள் செய்கிற வேலை.

பிறகு கணக்கு. ஒரு பவுண்டு உலர்ந்த தண்டை எடைபோட்டு எண்ணுகிறார்: 1600க்கு மேல். ஒரு தண்டைக் கொளுத்தி நேரம் பார்க்கிறார்: ஒரு மணி நேரத்துக்கு மூன்று நிமிடம் குறைவு. ஆனால் அது நல்ல தண்டு என்பதால் சராசரிக்கு அரை மணி நேரம் மட்டுமே வைத்துக்கொள்கிறார். தனக்குச் சாதகமான அளவை வேண்டுமென்றே பாதியாகக் குறைக்கிற நேர்மை! ஆக 800 மணி நேர வெளிச்சம். செலவு: தண்டு ஒரு ஷில்லிங், ஆறு பவுண்டு கொழுப்பு பவுண்டுக்கு நான்கு பென்னி வீதம் இரண்டு ஷில்லிங். மொத்தம் மூன்று ஷில்லிங். வகுத்துப் பார்த்தால் கால் பென்னிக்கு ஐந்தரை மணி நேரம். நானும் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் எத்தனை எழுத்தாளர்கள் ஏழை வீட்டின் விளக்கைக் கையில் வாங்கி, கொளுத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? இங்கே வைட் மனிதர்களைப் பார்க்காமல் இல்லை. சுண்டெலியை எடைபோட்ட அதே கவனத்தோடு பார்க்கிறார். கடிதத்தின் கடைசிப் பகுதி வரைக்கும்.

கடைசியில் இப்படிச் சொல்கிறார்: மிகவும் ஏழைகளாக இருப்பவர்கள் எப்போதுமே மோசமாகச் செலவு செய்கிறவர்கள், அதனாலேயே அவர்கள் ஏழைகளாகவே இருந்தாக வேண்டும். அவர்கள் தினமும் மாலையில் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். காற்று புகுந்து வீசும் அவர்களுடைய அறைகளில் அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. அதே காசுக்குப் பதினொரு மணி நேரம் கிடைத்திருக்கும்.

கணக்கு சரி. தீர்ப்பு தவறு. அது தவறு என்பதற்கான எண்கள் எல்லாம் அவர் கையிலேயே இருந்தன. அந்தக் காலத்தில் தென் இங்கிலாந்தின் பண்ணைக் கூலியாளுக்கு வாரத்துக்கு ஏழெட்டு ஷில்லிங் கிடைத்தால் அதிகம். மூன்று ஷில்லிங் என்பது ஏறக்குறைய அரை வாரக் கூலி. பன்றிக் கறி வேகும் பானையில் மிதக்கும் கொழுப்பை வழித்துச் சேமித்தால் கொழுப்புச் செலவு மிச்சம் என்று அவரே சொல்கிறார். ஆனால் அந்த வீட்டில் பன்றிக் கறி வெந்திருக்க வேண்டும். மொத்தமாக வாங்கி மிச்சம் பிடிப்பதற்கு முதலில் கையில் மொத்தமாகப் பணம் வேண்டும். அன்றாடம் பணம் வருகிறவர் அன்றாடம்தான் வாங்குவார். அவர் முட்டாள் இல்லை. இன்று இரவு இருட்டாக இருக்கிறது, கையில் அரைப் பென்னி இருக்கிறது.

அந்தக் 'காற்று புகும் அறை'யைக் கவனியுங்கள். ஊரை அறிமுகப்படுத்தும் ஐந்தாம் கடிதத்தில், அதாவது தபாலில் போகாத ஒன்பதில் ஒன்றில், செல்போர்னின் ஏழைகள் கல்லாலும் செங்கல்லாலும் கட்டிய, கண்ணாடி ஜன்னல் வைத்த நல்ல வீடுகளில் சௌகரியமாக வாழ்வதாக எழுதியிருக்கிறார். விளக்குக் கடிதத்தில் காற்று உள்ளே வந்துவிடுகிறது. எது கண்டது, எது வடிவமைத்தது?

கதிர்க்குருவி விஷயத்தில் வைட் எப்படி நடந்துகொண்டார் என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு வேறு வேறாகக் கேட்டது. உடனே முடிவு கட்டவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, கையில் எடுத்துப் பார்த்து, பிறகுதான் மூன்று என்றார். தகைவிலான் விஷயத்தில் தம்பியின் சாட்சி இருந்தும் வருடக்கணக்கில் தீர்ப்பை ஒத்திவைத்தார். அந்தப் பொறுமை ஏழைகளுக்குக் கிடைக்கவில்லை. 'எப்போதுமே' என்று ஒரு சொல், 'அதனாலேயே' என்று ஒரு சொல். முடிந்தது. ஆகவே வில்லியம்ஸோடு பாதி வழிதான் போக முடிகிறது. வைட் மனிதர்களைப் பார்க்கவில்லை என்பதல்ல என் புகார். பார்த்தார், அளந்தார், அதன் பிறகு கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுந்து போய்விட்டார். பாதிரியார் வேலையாக அந்தப் பக்கத்து வீடுகளுக்குப் போய்வருகிற ஆள். "ஏம்மா தினமும் மெழுகுவர்த்தி வாங்குற?" என்று கேட்டிருக்கலாம்.

5

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் ஃபோன் ரீசார்ஜ் தரவுகளை அலசும் வேலை. எண்பது சொச்சம் நாள் பேக் போட்டால் ஒரு நாளைக்கு இவ்வளவு, ஒரு நாள் பேக்கையே தினமும் போட்டால் ஒரு நாளைக்கு அவ்வளவு என்று ஒரு சார்ட் போட்டேன். சுத்தமான சார்ட். தினமும் ஒரு நாள் பேக் போடுகிற ஆட்கள் வருடத்துக்குப் பார்த்தால் கணிசமாக அதிகம் செலவு செய்தார்கள். அதன் கீழே நான் ஒரு வரி எழுதினேன்: இந்தப் பிரிவினர் பகுத்தறிவோடு முடிவெடுப்பவர்கள் அல்லர். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். பாராட்டுகூட வந்தது. என் மேனேஜர் மட்டும், அவர் பொதுவாக அதிகம் பேசமாட்டார், வெளியே வரும்போது கேட்டார்: "அவங்ககிட்ட மொத்தமா அறுநூறு எழுநூறு ரூபா ஒரே நாள்ல இருக்குமா தம்பி?"

அதற்கான பதிலும் என் தரவிலேயே இருந்தது. எந்தக் கிழமைகளில் ரீசார்ஜ் ஆகிறது, எந்த நாட்களில் ஆகாமல் போகிறது, எல்லாம். நான் அந்தப் பத்தியைப் பார்க்கவில்லை. செல்போர்ன் கடிதத்தைப் படித்தது அதற்குச் சில மாதங்கள் கழித்துதான். படித்ததும் நாற்காலியில் நேராக உட்கார்ந்தேன். இருநூற்று நாற்பத்து சொச்சம் வருடத்துக்கு முன்பு நான் எழுதிய வரியை ஒருவர் எழுதியிருக்கிறார். என்னைவிட நல்ல மனிதர், என்னைவிடப் பல மடங்கு கூர்மையான கண் உள்ளவர்.

அதனால்தான் வைட்டைத் தூக்கிப்போட என்னால் முடியவில்லை. அவர் அசட்டையான ஆளாக இருந்திருந்தால் அந்த வரி எனக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

அவர் அந்தக் கேள்விக்கு மிக அருகே வந்த இடமும் இருக்கிறது. விளக்குக் கடிதத்துக்கு அடுத்த கடிதம். ஊரில் இருபது வருடத்துக்கு முன்பு ஒரு மனவளர்ச்சி குன்றிய பையன் இருந்தான். அவனுக்குத் தேனீக்கள் மட்டும்தான் உலகம். வெறும் கையால் பிடிப்பான், கொடுக்கை எடுத்துவிட்டுத் தேன்பையை உறிஞ்சுவான், சட்டைக்குள் போட்டுக்கொள்வான், தேனீ மாதிரியே ரீங்காரம் செய்துகொண்டு ஓடுவான். குளிர்காலம் முழுக்க அடுப்படியில் அரைத்தூக்கத்தில் கிடப்பான். ஆமையைப் போல, தகைவிலான்களைப் பற்றி வைட் நினைத்ததைப் போல. அந்தப் பையனை வைட் பரிகசிக்கவும் இல்லை, பரிதாபமும் படவில்லை. பிற்பாடு அவனைத் தொலைவிலுள்ள வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வாலிபம் அடையும் முன் இறந்துவிட்டதாகக் கேள்வி என்று முடிக்கிறார். ஏன் கொண்டுபோனார்கள் என்று இல்லை. ஊரை விட்டுப் போகாத ஒருவரின் புத்தகத்தில், ஊரிலிருந்து அகற்றப்பட்ட ஒரு உயிர். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று தெரியாது.

வைட் 1793இல் இறந்தார். முப்பத்தேழு வருடம் கழித்து, 1830 நவம்பரில், கூலி குறைந்து வயிறு காய்ந்த பண்ணைத் தொழிலாளர்கள் தென் இங்கிலாந்து முழுக்கக் கிளர்ந்தார்கள். செல்போர்னிலும் கூட்டம் திரண்டது. பாதிரியாரைச் சூழ்ந்துகொண்டு தசமபாக வரியைக் குறைக்கச் சொன்னது. ஏழைகள் விடுதியைச் சூறையாடியது. மறுநாள் பக்கத்து ஊர் ஹெட்லியின் விடுதி. பிறகு வழக்கு, தண்டனை, சிலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். தினமும் அரைப் பென்னிக்கு வர்த்தி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். கொம்பு ஊதி ஆட்களைத் திரட்டியவர் என்று ஜான் நியூலண்ட் என்பவரை ஊர் நினைவு வைத்திருக்கிறது.

அன்று மாலை கடைசி பஸ்ஸுக்கு முன்பு தேவாலய முற்றத்துக்கு மறுபடி போனேன். வடக்குப் பக்கம் வைட்டின் கல்லறை. சின்னக் கல். பெயரின் இரண்டு முதலெழுத்துகள், இறந்த தேதி, அவ்வளவுதான். ஒரு பாதிரியாருக்கு, அதுவும் அந்த ஊரையே உலகுக்குக் காட்டியவருக்கு, அவ்வளவு எளிமையான கல். இந்தப் பக்கம் யூ மரத்தின் அடிக்கட்டை, அதன் அருகே கொம்பு ஊதியவருக்கு ஒரு நினைவுக்கல். இரண்டுக்கும் நடுவே நடந்து பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என் யோசனை: முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், நான் செய்த தப்பு அது. பேரிங்டனுக்கு எழுதிய கடிதங்களில் விளக்கையும் தேனீப் பையனையும் முதலில் படியுங்கள். பிறகு சுண்டெலிக்கு வாருங்கள். ஊர் அறிமுகக் கடிதங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது காற்று புகாத அந்த நல்ல வீடுகள் வரும்போது உங்களுக்கே ஒரு கேள்வி வரும்.

என் சார்ட் இன்னும் ஏதோ ஒரு சர்வரில் இருக்கும், கீழே அந்த வரியோடு. அந்த நிறுவனத்தை விட்டு வந்துவிட்டதால் இனி என்னால் அதைத் திருத்த முடியாது.